முனிக்கு நேர்ந்த முடி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறையான எங்கள் காம்பிராவில் அப்பா, அம்மா, மூன்று வயதுத் தங்கை, நான், தங்கையை ஞானஸ்நானத்துக்கு அழைத்துப் போக வந்த சபை அக்கா ஒருவர், இத்தனை பேர் இருந்தோம். உபதேசியார் இல்லை, தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் நேரே தேவாலயத்துக்கு வருவதாக ஏற்பாடு. பெரியப்பாவை யாரும் அழைக்கவில்லை. அவர் சவரக்கத்தியோடு வந்தார்.

முன்பு தங்கை வயிற்றோட்டத்தில் பிழைப்பாளோ என்று கிடந்தபோது, தேயிலை மலையிலிருக்கும் முனியாண்டி கல்லுக்கு அவள் முடியை நேர்ந்துகொண்டவர் பெரியப்பா. நாங்கள் சபையில் சேர்ந்தது அதன் பிறகு.

“தண்ணி ஊத்தி வேதக்காரியாக்குங்க, நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி முடிய எறக்கிரணும்” என்றார்.

“புள்ளையக் காப்பாத்துனது கர்த்தருங்க மாமா” என்றார் அம்மா.

“அப்ப மழையில கல்லு முன்னால கெடந்தது யாரு, ஒங்க கர்த்தரா? நேந்துக்கிட்டவன் நான். முடி எறக்கலன்னா முனி நான் பெத்த புள்ளையத்தான் கேப்பான்.”

சபை அக்கா சிரித்துவிட்டார். “ஏன், இங்க வந்து கேக்க ஒங்க முனிக்கு இந்தக் காம்பிரா தெரியாதாக்கும்?”

பெரியப்பா அவரை எட்டி மிதித்துவிட்டு, தங்கையின் உச்சிமுடியைப் பற்றிக் கத்தியை இழுத்தார். அவள் தலையைத் திருப்பினாள். முடியோடு தோலும் வந்தது. அம்மா அவர் கையைக் கடித்துத் தொங்கினார். அவர் அம்மாவின் முகத்தைச் சுவரில் மோதினார். தன் அண்ணன் எதிரே பீடிகூடப் பற்றவைக்காத அப்பா, மம்பட்டிக் காம்பை எடுத்து அவர் முழங்கைக்குக் கீழே அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நான் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னையும் இழுத்துக்கொண்டே பெரியப்பாவின் முதுகில் அடித்தார்.

தோட்டத்து மருந்துக்காரர் காம்பிராவுக்கே வந்து, தையல் போடுவதற்காகத் தங்கையின் தலை முழுவதையும் மழித்துவிட்டார். கையைத் துண்டில் தொங்கவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, “அந்த முடியையாவது குடுத்துரும்மா. கல்லுல வச்சிட்டுப் போயிர்றேன்” என்று கெஞ்சினார்.

அம்மா கிழிந்த உதட்டோடு எழுந்தார். முடியை வாரி, ஊசி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டார். பெரியப்பா வாய்விட்டு அழுதார். அதன் பிறகு எங்கள் யாரோடும் அவர் பேசவில்லை.

சாயங்காலம் சபையார் எங்கள் காம்பிராவுக்கு வந்தார்கள். தலையில் தண்ணீர் படக்கூடாது என்பதால் உபதேசியார் நெற்றியைத்தான் நனைத்தார். மிதிபட்ட அக்கா தங்கையை ஏந்தியிருந்தார். “இந்தப் பிள்ளையை எங்கள் பிள்ளையாக வளர்ப்போம்” என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னபடியே செய்தார்கள்.

பெரியப்பா தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர்; கத்தி பிடிக்கும் கை அது. கை கூடும்வரை அவர் சம்பளத்தை அப்பாவே கட்ட வேண்டும் என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டில் தீர்ப்பானது. அந்த மாதங்களில் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைத்த பிடியரிசியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அப்பா கட்டி முடித்தது மொத்தம் அந்தக் காலத்து நூற்று முப்பது ரூபாய்.