ஒச்சாண்டி ஊதாத சங்கு

ஒச்சாண்டியின் நாக்கில் சாராயம் பட்டதே இல்லை. அவருடைய அப்பன் குடித்துக் குடித்தே செத்தவன். அதனால் கிடாவெட்டில் பங்காளிகள் பாட்டிலைச் சுற்றிவிடும்போதுகூட இவர் மோர்ச்சொம்போடு ஒதுங்கிவிடுவார். ஓடைமேட்டு ஊருக்குள் அவரை மோர்ச்சாமி என்றுதான் கேலி பேசுவார்கள். மனுஷனுக்குக் கோபமே வராது. "ஆமப்பா, உங்களுக்கும் சேத்து நான் மோரு குடிக்கிறேன்" என்பார்.

மதகு திறக்கிற வேலை அவருக்கு. பெரிய கால்வாயிலிருந்து ஊர் வாய்க்காலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். முறை நாளில் காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் கையால் சுற்றுகிற சைரன் சங்கை ஊத வேண்டும். சத்தம் கேட்டதும் காய்ந்த வாய்க்காலுக்குள் புல் அறுக்கிறவர்களும் குட்டையில் மீன் அரிக்கிறவர்களும் கரையேறிவிடுவார்கள்.

எண்பத்தைந்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்த சில குடும்பங்களை மதகுக்குப் பக்கத்தில் இருந்த பழைய சிமெண்டு குடோனில் தங்கவைத்தார்கள். பிள்ளைகள் பொழுதெல்லாம் ஷட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒச்சாண்டிக்கு அது பொறுக்கவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டர் சுந்தர்ராஜ் முன்னால் நின்றார். சர்டிபிகேட் இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்று கையை விரித்தார் அவர்.

"ஊரே எரிஞ்சு வந்திருக்காக சார். சர்டிபிகேட்டு மட்டும் எரியாம இருக்குமா?"

தினமும் போய் நச்சரித்ததில் சுந்தர்ராஜ் இறங்கிவந்தார். சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு யோகமலர் என்கிற பத்து வயதுப் பெண் முன்னால் நடந்து வருவாள். "கதைக்கிறவுக வந்துட்டாக" என்று அவர்கள் பேச்சை வைத்து ஊர்ப் பிள்ளைகள் பழிப்புக் காட்டுவார்கள். அவள் சட்டை செய்யவில்லை. வாய்ப்பாட்டில் எல்லோரையும் முந்திக்கொண்டு போனாள். ஒச்சாண்டிக்குத் தன் பிள்ளை படிப்பதுபோல அத்தனை பெருமை.

அவர்கள் வந்த பிறகு முதல் தடவையாக முறை வந்தது. ஒச்சாண்டி சங்கைச் சுற்றினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே வாய்க்கால். சத்தம் கேட்ட மறுநொடி குடோன் கேம்ப்புப் பிள்ளைகள் அத்தனையும் வகுப்பைவிட்டு ஓடி, வாய்க்காலுக்குள் குதித்துக் குப்புறப் படுத்துக்கொண்டன. சுந்தர்ராஜ் பின்னாலேயே குதித்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் போட்டார். கடைசியாக யோகமலரைத் தூக்கும்போது தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் ஒச்சாண்டி பதறிக்கொண்டு குடோனுக்கு ஓடினார்.

"சங்கு ஊதுனா மேல ஏறணும் ஆத்தா. நீங்க உள்ள எறங்குறீகளே."

"எங்கட ஊரிலை ஆமி வந்தா ரைஸ் மில்லிலை சங்கு ஊதுவினம். உடனை வாய்க்காலுக்கை படுக்கோணும்" என்றாள் யோகமலர். "இது தண்ணிச் சங்கு எண்டு தெரியும் மாமா. தெரிஞ்சும் கால் ஓடுது."

மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையையும் தாய்மார் பள்ளிக்கு விடவில்லை. திறக்கும் நேரத்தை மாற்றச் சொல்லி கால்வாய் ஆபீசில் கெஞ்சிப் பார்த்தார் ஒச்சாண்டி. பத்து மணி என்றால் பத்து மணிதான் என்று விரட்டிவிட்டார்கள். "இனி அந்தச் சத்தம் வராது தாயி, நான் பாத்துக்கிறேன்" என்று தாய்மாரிடம் சொல்லிப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்தார். திறக்கும் நேரம் மாறிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சங்கு ஊதாமல், கரையிலேயே நடந்து கூவிச் சொல்லிவிட்டு வந்து ஷட்டரைத் தூக்குவதாக அவர் போட்டிருந்த திட்டம் சுந்தர்ராஜ் ஒருவருக்குத்தான் தெரியும்.

அப்படியே செய்தார். தொண்டை கட்டும்வரை கூவிக்கொண்டு நடந்தார். வளைவுக்கு அப்பால் பாலத்தடியில் குனிந்து மீன் அரித்துக்கொண்டிருந்த சுருளியம்மாளுக்கு அது கேட்கவில்லை. மத்தியானம் கீழ்மடையில் அவள் சேலைதான் முதலில் தெரிந்தது.

ஊரே வாய்க்கால் கரையில் கூடிவிட்டது. சுருளியம்மாளின் புருஷன் தங்கபாண்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிறகு எழுந்து குடோன் பக்கம் கையை நீட்டினான்.

"போன முறை அந்தப் பிள்ளைக பயந்து ஓடுச்சுக. இந்த முறை சங்கே இல்ல. அதுகளுக்காகத்தான் ஊதலைன்னு தெரியட்டும், ஒண்ணுகூட ஸ்கூல் படியேறாது. குடோனும் இருக்காது."

கூட்டத்தில் நின்ற ஒச்சாண்டிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. சுருளியம்மாளைக் கொன்றது தான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சினியர் விசாரிக்க வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒச்சாண்டி விறுவிறுவென்று சாராயக்கடைக்கு நடந்தார். நாலு பேர் பார்க்க வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். குமட்டிக்கொண்டு வந்தது. மிச்சத்தைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

சுந்தர்ராஜ் ஓடிவந்து கையைப் பிடித்தார். "நான் உண்மையச் சொல்லிர்றேன் ஒச்சாண்டி."

"நீங்க வாயத் தொறந்தீகன்னா அந்தப் பிள்ளைக படிப்பு போச்சு சார். கும்பிட்டுக் கேக்குறேன்."

"காலையில இருந்தே போதைங்கய்யா. சங்கு ஊத மறந்துட்டேன்" என்று எஞ்சினியரிடம் சொன்னார் ஒச்சாண்டி. ஊர் ஒரு நிமிஷங்கூட யோசிக்கவில்லை. இத்தனை வருஷமாக மோர்ச்சாமியாகத் தெரிந்தவரை அந்தச் சட்டை நாற்றத்தை மோந்ததுமே குடிகாரனாக்கிவிட்டது. காலையில் கரையோரம் கூவிக்கொண்டு போனதையும் போதைக் கூச்சலாகவே எடுத்துக்கொண்டது. "ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சிருக்கான்யா" என்றார் மோருக்குக் கேலி செய்த அதே பங்காளி. தங்கபாண்டி செருப்பால் அடித்தான். ஒச்சாண்டி முகத்தை மறைக்கவில்லை. போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. வேலை போயிற்று, கோர்ட்டு, ஜெயில் எல்லாம் ஆயிற்று.

மதகுக்குப் புது ஆள் வந்தார். முறை நாளில் சுந்தர்ராஜ் கதவுகளைச் சாத்தி, ஊர்ப் பிள்ளைகளையும் கேம்ப்புப் பிள்ளைகளையும் கைகோத்து உட்காரவைத்து, சங்குச் சத்தம் அமுங்குகிற அளவுக்கு வாய்ப்பாடு கத்தவைத்தார். ஒரு பிள்ளையும் ஓடவில்லை. இந்தப் பாழாய்ப்போன யோசனை அன்றைக்கே வந்திருக்கக் கூடாதா? அவருக்கும் வரவில்லை, ஒச்சாண்டிக்கும் வரவில்லை.

வெளியே வந்த ஒச்சாண்டி தேனிச் சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்தார். ஒருநாள் மனசு கேட்காமல் பஸ் ஏறி வந்து பள்ளிக்கூடத்துப் பாதையில் நின்றார். யோகமலர் புத்தகப் பையோடு வந்தாள். வளர்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் பாதையின் மறுபக்கம் ஒதுங்கினாள்.

"நல்லாப் படிக்கிறியா ஆத்தா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "குடிவெறிகாரரோட கதைக்க வேண்டாமெண்டு அம்மா சொன்னவ."

ஒச்சாண்டி வழியை விட்டு விலகி நின்றார்.

"அம்மா சொல்றதக் கேளு ஆத்தா. வெரசாப் போ, மணியடிச்சிருவாக."