மிக்கேல் சிரிக்கும் ஒரே படம்

கடந்த அக்டோபர் கடைசியில், கல்லறைத் திருநாளுக்குச் சில நாட்கள் முன்பு, திருநெல்வேலியிலிருந்து உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்வந்தேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

சுற்றுலாவுக்குப் போகவில்லை. ஐரோப்பாவில் இருக்கும் ஓர் அணுசக்தி எதிர்ப்பு அமைப்பின் வேலை. எந்த நாட்டு உலையில் என்ன நடக்கிறது என்று தகவல் திரட்டி, சாதாரண மக்களுக்குப் புரியும்படி செய்திமடல் போடுகிறவர்கள். இங்கே கடற்கரையில் அணு உலைக்கு எதிராகப் போராட்டம் நடந்த காலத்தில் அந்த மடலைத் தமிழாக்கியதும், நம் மக்கள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதும் நான்தான். நம் ஊர் அதிகாரிகள் கடிதத்துக்குப் பதில் போடாத நாட்களில் அவர்கள் போட்டார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு மடலிலும் என் பெயர் வந்ததில்லை. நான் ஆங்கிலம் நடத்திய கல்லூரியில் துறைத் தலைவர் நாற்காலி எனக்கு இளையவருக்குப் போனது. இரண்டையும் நான் மறக்கவில்லை.

இப்போது பழைய போராட்டப் படங்களையெல்லாம் இணையத்தில் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு விதியும் செய்திருக்கிறார்கள். படத்தில் இருப்பவர், அவர் இறந்திருந்தால் நெருங்கிய உறவினர், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சம்மதம் உண்டா இல்லையா என்று வீடியோவில் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். பதினான்கு வருடம் பிந்தி வந்திருக்கிறது.

என் பொறுப்பில் வந்தது மிக்கேலின் படம். மீனவர். இடுப்பளவு கடலில் நின்று போராடுகிறார், தோளில் சின்ன மகன், பின்னால் 'அணு உலை வேண்டாம்' என்ற துணி. அப்படிச் சிரிக்கிறார். வெளிநாட்டில் அந்தப் படத்தை நாட்காட்டியில்கூடப் போட்டார்கள். மூன்று வருடங்களுக்கு முன் மிக்கேல் கடலில், போட்டிலேயே இறந்துபோனார். அமைப்புக்கு எழுதினேன். புற்றுநோயா என்று கேட்டார்கள். நெஞ்சுவலி என்று பதில் போட்டேன். அதன்பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காலை ஆறரைக்கு ஜங்ஷனிலிருந்து கிளம்பினேன். தாமிரபரணியில் பழுப்பு நிறத்தில் மழைத் தண்ணீர் ஓடியது. புதிய பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் பஸ். நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கியபின்தான் உட்கார இடம் கிடைத்தது. எட்டேகாலுக்கு வள்ளியூர். கடற்கரைக்கு டவுன் பஸ் உண்டு. நான் இறங்கும்போது அது போய்விட்டிருந்தது. ஐந்நூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன்.

ராதாபுரம் தாண்டும்வரை இருபுறமும் காற்றாலைகள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி பத்திரிகையா?"

"இல்லை. ஒரு வீட்டுக்குப் போகணும்."

"இப்பம் எந்தப் பத்திரிகைக்காரன் வாரான். அப்பம்னா வெள்ளக்காரனா வந்து இறங்குவானுவோ. ஒருத்தன் எங்கிட்ட நொங்கு வாங்கித் தோலோட கடிச்சான்."

"நீங்கள் போராட்டத்துக்குப் போனீர்களா?"

"போவாம? பந்தல்ல கெடையா கெடந்தேன். இப்பம் உலை கேட்டுக்கு ஷிப்டு ஆளுவள ஏத்திட்டுப் போறேன். என்ன செய்யச் சொல்லுதிய?"

ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

மிக்கேலின் மனைவி சூசையம்மாள் வீட்டு வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தாலே கரையோரம் உலையின் குவிமாடங்கள் தெரியும். படம் இணையத்தில் இருக்கட்டும், ஊர் உலகமெல்லாம் அவரைப் பார்க்கட்டும் என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னவர் அவர். இப்போது முகம் வேறு மாதிரி இருந்தது.

"சார், இவன் என்னமோ சொல்லுதான். கேளுங்க."

மகன் ஜெனிஸ்டன். படத்தில் அப்பாவின் தோளில் இருந்த பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நிற்கிறான்.

"உலைக்குள்ள பிட்டர் வேல சார், கான்டிராக்ட்ல. திங்கக்கெழம வரச் சொல்லிருக்காவ. போலீஸ்ல விசாரிப்பாவளாம். கான்டிராக்டர் ஆளு ஒருத்தன் செல்லுல இந்தப் படத்தக் காட்டி, தோள்ல இருக்கது நீதானலேன்னு சிரிச்சான். அம்புட்டுதான். வேற ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்குத் தூக்கம் வரல."

"அந்த வேலைக்குத்தான் போகணுமா?" என்றேன்.

சூசையம்மாள்தான் பதில் சொன்னார். "கடலுக்குப் போவப்படாதுன்னு சொன்னது நான் சார். அவரு போட்டுலயே போயிட்டாரு. இவனையும் அனுப்பிட்டுக் கரையில நின்னு பாத்துட்டிருக்க எனக்குத் தெம்பு இல்ல. கடல் இல்லைன்னா இங்கன வேற என்ன இருக்கு?"

கதிரியக்கம் பற்றி நான் தமிழாக்கிய பக்கங்கள் எல்லாம் வாய்வரை வந்தன. அதையெல்லாம் இந்த அம்மாளும் கேட்டவர்தான், பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து. பையிலிருந்து படத்தின் பெரிய பிரதியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீடியோ எடுக்கப் போனை நிமிர்த்தினேன்.

"சூசையம்மாள். மிக்கேல் பெஞ்சாதி," என்றார். பிறகு படத்தைப் பார்த்தபடி இருந்தார். ஜெனிஸ்டன் நிலைப்படியில் நின்று நகத்தைக் கடித்தான்.

"எடுத்துருங்க," என்றார் கடைசியில். "சம்மதம் இல்ல."

பதிவை நிறுத்தியதும், "இந்தத் தாள நான் வச்சுக்கிடலாமா சார்?" என்று கேட்டார். கல்யாணப் படமெல்லாம் சுனாமித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது போய்விட்டதாம். "வோட்டர் கார்டு படம் ஒண்ணு இருக்கு. அதுல களவாணி மாதிரி முழிப்பாரு. அதக் கொண்டுபோய் கல்லறையில வச்சா மனுசன் எந்திரிச்சு வந்து ஏசுவாரு."

கத்திரிக்கோல் எடுத்துவந்து பதாகையை வெட்டித் தள்ளினார். அப்புறம் மகனின் முகத்துக்கு வந்தார்.

"என்னையும் வெட்டிரும்மா," என்றான் ஜெனிஸ்டன்.

"ஒன் மூஞ்சிய நான் தெனமும் பாக்கேம்லே. அவரு மூஞ்சிதான் இல்ல."

பையனின் தலையும் உடம்பும் போயின. கால்களை மட்டும் வெட்ட முடியவில்லை. மிக்கேலின் மார்பில் இரண்டு சின்னப் பாதங்கள் தொங்குகின்றன, அவர் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறார். வெட்டினால் அவர் கையும் போய்விடும். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். ஜெனிஸ்டன் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு கடற்கரைப் பக்கம் நடந்துபோனான்.

திருநாளன்று கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மழை வந்தால் தாள் நனையும். அதனால் வெட்டிய படத்தை நானே வாங்கிப்போய், வள்ளியூர் ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் உறையிட்டு, அதே ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் வாங்கிப் பார்த்தார். திரும்பிப் போக வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

வீடியோவை ஐரோப்பாவுக்கு அனுப்பினேன். ஒத்துழைப்புக்கு நன்றி என்று இரண்டு வரி வந்தது. அந்தப் பக்கத்தில் இப்போது சாம்பல் நிறக் கட்டம் ஒன்று மட்டும் இருக்கிறது. அவர்கள்மீது கோபப்படக் காரணம் தேடிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் மட்டும் கிடைக்கவில்லை. அந்த அம்மாள்மீதோ பையன்மீதோ கோபப்பட எனக்கு என்ன உரிமை? போராட்டத்துக்காகக் கல்லூரி வேலையை நானும் விடவில்லையே.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நெல்லையில் ஏறும்போதே பஸ் நாங்குநேரிக்குள் போகுமா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வள்ளியூரில் சாப்பிட்டுவிடுங்கள், கடற்கரை ஊரில் மதியம் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம். உலைப் பக்கம் கேமராவைத் திருப்ப அனுமதி இல்லை. மனிதர்களைப் படம் எடுத்தால், எங்கே போடப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். திரும்பும் வழியில் வள்ளியூரிலேயே ஒரு பிரதி போட்டு, அன்றைக்கே அவர்கள் கையில் சேர்த்துவிடுங்கள். மிக்கேல் தன் படத்தைப் பார்க்கவே இல்லை.