திங்கட்கிழமை மட்டும் வரும் மாரடைப்பு

திங்கட்கிழமை காலைகளில் எனக்கு மாரடைப்பு வருகிறது என்று மூன்று வருடம் நம்பினேன். மற்ற ஆறு நாட்களில் வராது. நோய் கிழமை பார்த்து வருமா என்று கேட்கும் அறிவு எனக்கும் உண்டு. ஆனால் அந்த அறிவு செவ்வாய்க்கிழமைதான் வேலைக்கு வரும். ஓர் இசிஜி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். செங்கத்தில் ஒரு சனிக்கிழமை எடுத்தது. "எப்போ வலிக்குது?" என்று கேட்டார் டாக்டர். "திங்கக்கெழம காலையில சார்." "மத்த நாள்ல?" "மத்த நாள்ல நல்லா சாப்பிடுறேன்." அவர் தாளை நீட்டி, இருதயம் நன்றாக இருக்கிறது என்றார். சனிக்கிழமை நன்றாக இருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

அப்போது ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரின் கால்நடைக் கிளை நிலையத்துக்கு என்னை ஆய்வாளராகப் போட்டிருந்தார்கள். ஓர் அறை, ஒரு குளிர்ப்பெட்டி, வாசலில் இரண்டு பலா மரங்கள். அவ்வளவுதான் நிலையம். அதன் பின்னறையில் வெள்ளி வரை தங்கிவிட்டுச் சனி, ஞாயிறு செங்கத்துக்கு வீடு திரும்புவேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மனைவி என் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பிப்பாள். சூடு என் நெஞ்சில் தெரியும். நாடி பிடித்துப் பார்ப்பேன். நான் படித்ததெல்லாம் மாட்டு நாடி. அந்தக் கணக்கில் பார்த்தால் நான் காய்ச்சல் கண்ட கன்றுக்குட்டி. "இன்னா, மறுபடியும் சாவப் போறீங்களா?" என்பாள் மனைவி. "அதுக்கு முன்னாடி அந்த சிலிண்டர மாத்தி வெச்சுட்டுப் போங்க." மறுநாள் ஜீப்பில் புளி மூட்டைகளுக்கும் யாரோ ஒருவரின் முழங்காலுக்கும் நடுவே உட்கார்ந்து மலையேறுவேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், வளைவெல்லாம் தாண்டியாச்சு, கண்ணத் தொறங்க" என்பார். காரணத்தை நான் வளைவுகளிலும் தேடினேன், மலைக்காற்றிலும் தேடினேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பையும் விட்டுவைக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். திங்கட்கிழமை ஏர் பூட்டமாட்டார்கள். வாரம் முழுக்க மேட்டு நிலத்தில் உழைக்கும் காளைக்கு அன்று ஓய்வு. ஓய்வில் இருக்கும் காளையை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வான்? ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வருவான். என் ஜீப் போய் நிற்கும்போது பலா மரங்களைச் சுற்றி இருபது, இருபத்தைந்து காளைகள் கட்டியிருக்கும். ஒன்றுக்குக் குளம்பில் புண், இன்னொன்றுக்கு நுகத்தடி உராய்ந்த கழுத்து, எல்லாவற்றுக்கும் தடுப்பூசி. செவ்வாய் முதல் வெள்ளி வரை வேலை மெதுவாக நடக்கும்; ஆடு வரும், பசு வரும், ஒருமுறை ஒரு கிளிகூட வந்தது. காளைக்கு லீவு விடுகிற ஊரில் ஆய்வாளருக்கு மட்டும் ஏன் திங்கட்கிழமை வேலை என்று அங்கலாய்த்தேன்.

நிலையத்தின் உதவியாளர் அந்த ஊர்ப் பெண்மணி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் மூக்கணாங்கயிறும் மறு கையில் செல்போனுமாக நிற்பார். போனில் மகளோடு சண்டை நடக்கும், கயிறு மட்டும் அசையாது. எப்போதும் கொம்புப் பக்கம் அவர், வால் பக்கம் நான். "டேய், அந்தப் பக்கம் திரும்புடா, சாரு வேல பாக்கட்டும்" என்று காளையை அதட்டுவார். நான் ஊசியைப் போட்டுவிட்டு ஒரே எட்டில் படியேறிவிடுவேன். அதைச் சுறுசுறுப்பு என்று என் கணக்கில் வரவு வைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம் மாறுதல் மனு எழுதினேன். இருதயக் கோளாறு காரணமாகச் சமவெளிக்கு மாற்றித் தரவேண்டும் என்று. அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். எனக்கு முன்னால் இருந்தவர் போன பிறகு அந்த இடத்துக்கு இரண்டு வருடம் யாரும் வரவில்லை; அக்காவையும் அப்போது வேறு நிலையத்தில் போட்டிருந்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் மாட்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்களாம். அப்படி ஒரு மழைக்காலத்தில் கோமாரி நோய் வந்து உழவுக்கு மாடில்லாமல் போனது. "எப்ப அனுப்பப் போறீங்க?" என்று அக்கா கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை என்றேன். மனுவை மடித்துக் கொடுத்துவிட்டு மருந்து பாட்டில்களைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் ஊர் அம்மனுக்குப் பொங்கல். திங்கட்கிழமை எல்லோரும் விறகு வெட்டவும் கோயிலுக்கு வெள்ளையடிக்கவும் போய்விட்டதால் ஒரு காளையும் வரவில்லை. ஜீப்பை விட்டு இறங்கியபோது எனக்கு நெஞ்சு வலிக்கவில்லை. குணமாகிவிட்டது என்று மனைவிக்குப் போன் செய்தேன். புதன்கிழமை பொங்கல் வைத்தார்கள். மறுநாளும் ஏர் பூட்டக் கூடாதாம். வியாழன் காலை பல்குச்சியோடு பின்னறையிலிருந்து வெளியே வந்தேன். பலா மரத்தடி முழுக்கக் காளைகள். கொம்புக்கெல்லாம் புது மஞ்சள்.

"அக்கா, ஆரம்பிச்சுடுச்சு."

"இன்னா சார்?"

"நெஞ்சு. ஆனா இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே!"

அவர் என்னைப் பார்த்தார், காளைகளைப் பார்த்தார். "கெழமைய வுடுங்க சார். திங்கக்கெழம வர்றது காள. இன்னிக்கி வந்திருக்கறதும் காள. ஆட்டுக்கும் பசுவுக்கும் பாட்டு பாடிக்கினே ஊசி போடுறீங்களே, அப்ப வலிக்குதா?"

எனக்கு வாயில் பல்குச்சி. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வந்த மொத திங்கக்கெழமையே. காள ஒன்னு மூச்சு வுட்டுச்சு. நீங்க அதுங்கிட்ட சாரி சொன்னீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா வெக்கப்பட்டுப் போய்டுவீங்க. அப்புறம் கதவு யாரு தொறக்கறது?"

வரிசையில் முதல் ஆளாக நின்ற விவசாயி என்னைத் தேற்ற நினைத்தார். "எங்களுக்கும் தெரியும் சார். அதான் சாதுவான மாடா பார்த்து முன்னாடி கட்டுறோம். முட்டறதெல்லாம் கடைசியில. அதுக்குள்ள உங்களுக்குக் கொஞ்சம் பழகிடுமில்ல?" மூன்று வருடமாக ஒரு கிராமமே எனக்காக மாடுகளைக் குணவாரியாக நிறுத்தியிருக்கிறது. நான் அதை முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மனுவை எடுத்து, காரணத்தை மாற்றி எழுதப் பார்த்தேன். கால்நடை ஆய்வாளர், காளையைக் கண்டால் பயம். இதை எந்த அதிகாரிக்கு, எந்த வழியாக அனுப்புவது? அனுப்பவில்லை.

அக்கா போன வருடம் பதவி உயர்வில் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டார். புதிதாக வந்திருக்கும் உதவியாளர் முதல் நாளே வால் பக்கம் போய் நின்றுகொண்டார். முகம் வெளுத்திருந்தது. நான் கொம்புப் பக்கம் போனேன். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊசியை அவர் கையில் கொடுத்தேன். பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஞாயிறு நான்கு மணிக்கு வந்து, திங்கள் பதினொரு மணிக்குப் போய்விடுகிறது. இந்தப் பத்து வருடத்தில் மாரடைப்பு வரவில்லை. என்னை முட்டியது ஒரே ஒரு மாடு. அது பசு. அன்று புதன்கிழமை.