பில் வராத மேசை

நல்ல செய்தியை மனைவிக்குச் சொல்லுமுன்னரே அதைக் கொண்டாடச் சாப்பிடப் போன மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மலரை இத்தாலிக்கு, நான் இருக்கும் பலெர்மோவுக்குக் கூப்பிடுவதற்கான கடதாசி, நான்கு வருடங்களின் பின், கொஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரிலிருந்து கைக்கு வந்திருந்தது. அவள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில், பொலிஸ் பதிவும் ஒற்றைக் கட்டிலுமாகக் கிடந்தாள். போன தடவை கதைத்தபோது, "இனியும் 'பொறும், பொறும்' எண்டால் நான் யாழ்ப்பாணம் திரும்பிப் போறன். ஞாயிறுதான் கடைசி" என்று சொல்லிவிட்டாள். ஞாயிறு எங்கள் நேரம் நான்கு மணிக்கு, அவள் வந்து நிற்கும் கொமியூனிகேசன் கடைக்கு நான் ரெலிபோன் எடுக்கவேண்டும். எங்கள் நாலரைக்கு, அங்கே இரவாகிவிட, அந்தக் கடை பூட்டிவிடும்.

நான்கு மணிவரை சும்மா இருக்க முடியாத உடம்பு என்னுடையது. போர்கோ வெக்கியோ பகுதியில் ஒரு திராத்தோரியா, சின்னச் சாப்பாட்டுக்கடை. எதிர்ப்பக்கம் தொலைபேசிக் கூண்டு. சாப்பிட்டுக் கைதுடைத்துவிட்டு, தெருவைக் கடந்தால் மலர். என்ன திட்டம்! நான் வேலைசெய்யும் சிஞ்ஞோரா வீட்டில் ஆறு வருடம் மேசைக்குப் பரிமாறியவன், அன்றுதான் மேசைக்கு முன்னால் இருந்தேன்.

ஒரு மணிக்கு இருந்தவனுக்கு, ஒன்றே முக்காலுக்குக் கத்தரிக்காய் வந்தது. சாளைமீன் போட்ட பாஸ்தா வர இரண்டரை. யாழ்ப்பாணம் பஸ்நிலையத்தடிச் சாப்பாட்டுக்கடைகளில் நாங்கள் சோற்றைப் பிசையும்போதே அடுத்தவன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கடைசிக் கவளம் தொண்டையில் நிற்க, பில் தேத்தண்ணிக் கிளாசுக்கடியில் கிடக்கும். இங்கே பரிமாறுகிற கிழவர் ஒவ்வொரு மேசையிலும் நின்று பேரப்பிள்ளைகளின் சுகம் விசாரித்தார். பொறுக்கமாட்டாமல் என் கோப்பைகளை நானே அடுக்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தேன். பழக்கதோஷம். கிழவர் பாய்ந்து வந்து பறித்தார்.

"ஸ்தியா கோமொதோ, சிஞ்ஞோரே!" வசதியாக இருங்கள் ஐயா என்று அர்த்தம். என் வாழ்க்கையில் அவ்வளவு வசதியீனமாக நான் இருந்ததில்லை.

மூன்று மணிக்குக் கோப்பியும் குடித்தாயிற்று. பில் வரவில்லை. மூன்றரை. வரவில்லை. கேட்கலாந்தானே என்பீர்கள். கேட்டால், சாப்பாடு பிடிக்காமல் சண்டைக்கு நிற்கிறான் என்று நினைப்பார்களோ என்று பயம். கேட்காமல் எழும்பினால், தின்றுவிட்டு ஓடுகிற கறுவல். ஆகவே ஒரு கனவானைப் போலச் சிரித்துக்கொண்டு, மேசைக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். நான்கு மணி. கண்ணாடிக்கு வெளியே கூண்டு வெறுமையாக நின்றது. கிழவர் கதவடி மேசையில் தனக்கு ஒரு கோப்பை பாஸ்தாவோடு ஆறுதலாக அமர்ந்தார். மலர் இப்போது அந்தக் கடை வாங்கில் இருப்பாள். ஒவ்வொரு மணியொலிக்கும் நிமிர்ந்து பார்ப்பாள். "உங்களுக்கில்லை அக்கா" என்று கடைக்காரப் பெடியன் சொல்லுவான்.

நான்கு இருபதுக்கு எழும்பி ஓடி, மணிபேர்சை அப்படியே கிழவரின் பாஸ்தாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஐயா, என்னை விடுங்கோ! எனக்கு ஏன் பில் தரேல்லை?" என்று என் இத்தாலியத்தில் கெஞ்சினேன்.

கிழவர் திகைத்துப்போனார். "நீங்கள் கேட்கவில்லையே. கேட்காமல் கொண்டுவந்து வைத்தால், எழும்பிப் போ என்று துரத்துவதுபோல அல்லவா? யாருக்கோ காத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

மரியாதையால் என்னைக் கட்டிப்போட்ட மனிதரிடம் என்ன கோபிப்பது? மணிபேர்சை அவரிடமே விட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்த தொலைபேசி அட்டையோடு தெருவைக் கடந்தேன்.

"ஹலோ? மலர்?"

"பெடியன் லைற்றை நூக்கத் தொடங்கீட்டான். சொல்லுங்கோ, பொறுக்கட்டோ, போகட்டோ?"

"கடதாசி வந்திட்டுது. நீர் இஞ்சை வரலாம்."

அந்தப்பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உண்மையோ? பேந்து ஏனப்பா பிந்தினனீங்கள்?"

முழுக்கதையையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். கண்ணாடிக்கு அப்பால் கிழவர் என் மேசைவிரிப்பை உதறிக்கொண்டு, என் மணிபேர்சைத் தூக்கிக் காட்டி, ஆறுதலாகக் கதை என்று கையசைத்தார். ஒரு காதில் கொட்டாஞ்சேனைத் தெருவின் ஹோர்ன், மறுகாதில் போர்கோவின் வெஸ்பா. எந்தப் பக்கத்துக்குக் கையசைப்பதென்று தெரியாமல் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீர் வந்தவுடனை அதே கடைக்குக் கூட்டிக்கொண்டு போறன், என்ன?"

"வேண்டாம், வீட்டிலை சமைச்சு வையுங்கோ, நான் காத்திருந்தது காணும்."