படகுப் பாலமும் நாற்பது நிமிடமும்

நெரினா த்ரொம்பின் அரசியலுக்கு வந்தது தூக்கக் கலக்கத்தில். இத்தாலியில் போ என்ற ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற போர்த்தெசினா ஆஸ்பத்திரியில் அவள் மருத்துவச்சி. இரட்டை ஷிப்டு முடித்த கையோடு நகர்மன்றக் கூட்டத்துக்குப் போனவள், கடைசி வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சைப் பிரிவை மூட உறுப்பினர்களைக் கை தூக்கச் சொன்ன சத்தத்தில் விழித்து எழுந்து, தூக்கியவர்களில் யார் யார் வீட்டுப் பிள்ளை தன் கையில் பிறந்தது என்று பேர் சொல்லி எண்ணினாள். பதினொன்று. பிரிவை மூடத்தான் மூடினார்கள். ஆனால் அடுத்த தேர்தலில் ஊர் அவளை மேயராக்கியது. இரண்டு முறை மேயர். பிறகு ரோமில் நாடாளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சி வரிசையில்.

அங்கே எதிர்க்கட்சிக்காரர்களின் முக்கிய வேலை கேள்வி எழுதிக் கொடுப்பது. அரசு பதில் படிக்கும். கேட்டவர் எழுந்து, திருப்தி என்றோ திருப்தி இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அதோடு முடிந்தது. நெரினா நூற்றுக்கும் மேல் கேள்வி கேட்டாள். ஒரு தடவைகூட அவளுக்குத் திருப்தி இல்லை.

கடைசியாகக் கேட்டது அவள் ஊர்ப் பிரசவப் பிரிவைப் பற்றி. வருஷத்துக்கு ஐந்நூறு பிரசவம் இல்லாத இடங்களை மூடப்போவதாகப் பேச்சு. போர்த்தெசினாவில் முந்நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் இருப்பது படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட பாலம். இலையுதிர் காலத்தில் ஆறு ஏறினால் அதை அவிழ்த்து விடுவார்கள். அப்புறம் சுற்றிப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பாலம் இல்லாத நாளில் கரையில் நின்ற காருக்குள் அவளே இரண்டு பிரசவம் பார்த்திருக்கிறாள். அதையெல்லாம் எழுதினாள். அக்கரைத் தொகுதி உறுப்பினன் இவானோ செர்பினாத்தி, வேறு கட்சிதான், இரண்டாவது கையெழுத்துப் போட்டான்.

பதில் வரவில்லை. ஒன்றரை வருஷத்தில் அரசு கவிழ்ந்தது. தேர்தல் இல்லாமலே புதுக் கூட்டணி அமைந்தது, நெரினாவின் கட்சியும் உள்ளே போனது. துணை அமைச்சர்கள் பட்டியலை நிரப்ப வடகிழக்கிலிருந்து ஒரு பெண் வேண்டியிருந்தது. போன் வந்தபோது அவளும் கணவன் துயிலியோவும் முற்றத்தில் சிப்பி பிரித்துக்கொண்டிருந்தார்கள். உப்பங்கழியில் சிப்பி எடுப்பதுதான் அவன் தொழில். சுகாதாரத் துறை என்று அவள் சொன்னதும் அவன் தலை நிமிராமலே, "சரி. அந்தக் கூடைய முடிச்சிட்டுப் போ" என்றான்.

பதவியேற்று நான்காம் மாதம் அதிகாரி ஸ்காலிசே ஒரு கோப்பை மேஜையில் வைத்தார். வெள்ளிக்கிழமை சபையில் படிக்க வேண்டிய பதில். கேள்வியை நெரினா முதல் வரியிலேயே அடையாளம் கண்டுகொண்டாள். அவள் அரசில் சேர்ந்ததும் அவள் பெயரை நீக்கிவிட்டார்கள். செர்பினாத்தியின் பெயர் மட்டும் இருந்தது. பதில் இரண்டு பக்கம். பிரிவு மூடப்படும், அடுத்த ஆஸ்பத்திரி நாற்பது நிமிடத் தூரம்.

நாற்பது நிமிடம் என்பது பாலம் இருக்கிற நாளில்தான் என்றாள். அதை ஒரு வரியாகச் சேர்க்கக் கேட்டாள்.

"பாலம் நம்ம அமைச்சகம் இல்ல மேடம்" என்றார் ஸ்காலிசே. மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர். "இதுல மூணு இயக்குநர் கையெழுத்து இருக்கு. நீங்க படிக்கலாம். எழுத முடியாது."

அமைச்சரைப் பார்க்க இரண்டு நாள் அலைந்தாள். கூட்டணி ஒப்புக்கொண்ட விஷயம், இப்போது கிளற வேண்டாம் என்று செயலர் மூலம் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை சபைக்குக் கீழே இருக்கிற காப்பிக் கடையில் செர்பினாத்தி நின்றிருந்தான். "நீ கேட்டதுக்கு நீயே பதில் சொல்லப்போற" என்றான். "வீட்ல புருஷன்கிட்ட பேசுற மாதிரிதான்."

"வாய மூடிட்டுக் காப்பியக் குடி இவானோ."

"மூடிக்கிறேன். நீ அந்தப் பேப்பரப் படிச்சிட்டு ஊருக்கு எந்த வழியா போவ? பாலம் வழியாவா?"

அறுநூறு பேர் உட்காரும் சபையில் அன்று பத்துப் பேர்கூட இல்லை. மற்றவர்கள் வியாழக்கிழமை சாயங்கால ரயிலுக்கே கிளம்பியிருந்தார்கள். நெரினா அரசின் பெஞ்சிலிருந்து இரண்டு பக்கத்தையும் படித்தாள். நாற்பது நிமிடம் என்ற இடத்தில் நிறுத்தவில்லை, குரலை மாற்றவுமில்லை. உட்கார்ந்தாள். செர்பினாத்தி எழுந்து பாலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி, திருப்தி இல்லை என்றான்.

சபைத் தலைவர் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். நெரினா மைக்கைத் தட்டினாள்.

"எனக்கும் திருப்தி இல்லை" என்றாள்.

தலைவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். "மேடம், அத நீங்க சொல்லக் கூடாது. பதில் சொன்னது நீங்க."

"கேள்வி எழுதினதும் நான்தான். ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்."

சுருக்கெழுத்தாளர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அமைச்சர் கேட்பதற்கு முன்பே இரண்டு வரியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள். இரண்டு பத்திரிகைகள் ஒரு வாரம் அவளைப் பாராட்டின. இன்னொன்று கிறுக்கச்சி என்றது. அந்த வாரச் சத்தத்தில் அமைச்சகம் போர்த்தெசினா பிரிவை மூடுவதிலிருந்து ஒரு வருஷ விலக்குக் கொடுத்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவள் பெயரைப் பட்டியலில் நான்காவதாகப் போட்டது. அந்தத் தொகுதியில் பட்டியலின் முதல் இரண்டு பேருக்கு மேல் ஜெயித்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் சம்பளமில்லா விடுப்பில்தான் இருந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி வெள்ளைக் கால்செருப்பு மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

விலக்கு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். படிவம் அமைச்சகத்திலிருந்து வரும். மூத்த மருத்துவச்சி என்று அவள்தான் நிரப்பினாள். அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஆகும் நேரம் என்று ஒரு கட்டம். அவள் 40 என்றும் அதன் கீழே 95 என்றும் எழுதினாள். ஒரு எண் மட்டுமே எழுத வேண்டும் என்று ஸ்காலிசேயின் கையெழுத்தோடு படிவம் திரும்பி வந்தது.

நெரினா 40ஐக் கோடு போட்டு அடித்துவிட்டு அதே படிவத்தை அனுப்பினாள். பிப்ரவரியில் இன்னொரு வருஷம் கிடைத்தது.