விலை ஏறும் என்று சொன்னவர்

பெங்களூரிலிருந்து தருமபுரிக்குத் திரும்பும் ரயிலில் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். இளம் வயதிலேயே நரைத்த தலை, கழுத்தில் கழற்ற மறந்த ஆபீஸ் அட்டை. பிளாஸ்டிக் பொருள் எது கையில் கிடைத்தாலும் கவிழ்த்து, எந்த வகைப் பிளாஸ்டிக் என்று காட்ட அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பார். என் தண்ணீர் பாட்டிலையும் விடவில்லை. உலகச் சந்தையில் பிளாஸ்டிக் மூலப்பொருள்களின் விலை எப்படிப் போகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவருடைய வேலை.

ஓசூர் தாண்டியதும் பென்னாகரத்திலிருந்து அவருடைய அண்ணன் போனில் பேசினார்.

"புது போர்வெல்லுலயும் தண்ணி இல்லீங்க, வெறும் புகைதான் வந்துச்சாம். மாட்டையெல்லாம் வித்துட்டாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த அறிக்கையில் 'சந்தைக்குச் சாதகமானவை' என்ற தலைப்பின்கீழ் முதலில் இருந்தது வறட்சி.

"வறட்சி எப்படிங்க சாதகமாவும்?" என்றேன்.

"மழை இல்லீன்னா இன்னும் ஆழமா போர் போடுவாங்க. பிளாஸ்டிக் பைப்பு நல்லா விக்கும், வெல ஏறும்."

"உங்க அண்ணன்?"

"அவரும் அந்தக் கணக்குலதாங்க வர்றாரு. அடுத்த போருக்கு எடம் பாத்துட்டாரு."

சொல்லிவிட்டு, காலியாகியிருந்த என் பாட்டிலை எடுத்து மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தார். அது வருத்தமா, வெறும் பழக்கமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.