மஞ்சள் தண்ணீர் குடித்த பம்பு

நான் எழுதிய ஒரு பொய்க் கடிதத்தால், சென்னையில் நான் முகம் பார்த்திராத ஒருவர் பதினொரு நாள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். அவரைத்தான் பொய்யர் என்றார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நடுநடுவே சிரிப்பு வந்துவிடுகிறது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

முப்பதுகளின் நடுவில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். பள்ளி இறுதி வகுப்புத் தேறிவிட்டு, சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருந்தேன். தருமபுரிக் கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவருக்கு இங்கிலீஷ் கடிதங்கள் எழுதிக் கொடுப்பேன். அவர் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து, காலால் மிதித்துக்கொண்டு கையால் காற்றடிக்கும் பெரிய பம்பு ஒன்றை வரவழைத்தார். கூடவே ஓர் உத்தரவாதத் தாள் வந்தது. ஓராண்டுக்குள் தானாகப் பழுதானால் புதுப் பம்பு தருவதாக அதில் இருந்தது. நான் படித்துப் பொருள் சொன்னதும், அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

சித்திரையில் மாரியம்மன் பண்டிகை. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பின்னாளில் எனக்கு மனைவியான என் மாமா மகள், அதற்கு முந்திய இரண்டு வருஷமும் என்னைக் குடத்தோடு கவிழ்த்து நனைத்திருந்தாள். நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த வருஷம் கடைக்காரர் பண்டிகைக்கு அதியமான்கோட்டையில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். சாவி என்னிடம் இருந்தது. பம்பு கண்ணில் பட்டது.

மேல்மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே மஞ்சள் தண்ணீரை ஊற்றி, மூடியைப் போட்டு ஓங்கி அழுத்தினால் போதும். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவள் எட்ட நின்று கைகொட்டினாள்.

"என்ன மாமா, சொம்பக் காணோம்? காத்தடிக்கிற சாமானத் தூக்கிட்டு வந்திருக்கறீங்க? நான் என்ன சைக்கிளா?"

அடுத்த நொடி தெருவின் அந்தக் கோடி வரை பாய்ந்தது தண்ணீர். அவள் முகம், தலை, அவளுக்குப் பின்னால் நின்ற என் மாமாவின் சலவை வேட்டி எல்லாம் மஞ்சள். ஊரே கூடிவிட்டது. "இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்றார்கள். இருபது தடவையாவது நிரப்பி அடித்திருப்பேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் எனக்கு அதிகமில்லை.

மறுநாள் கடைக்காரர் வந்து பம்பை அடித்துப் பார்த்தார்.

"என்னங்க தம்பி, முந்தாநேத்து ஜம்முனு காத்தடிச்சுது. இன்னிக்கி இருமல்காரனாட்டம் இழுக்குது?"

"கம்பெனிக் கோளாறுங்கண்ணா."

"அப்ப எழுதுங்க ஒரு லெட்டர். அதான் தாள்ல சொல்லியிருக்கறானில்ல!"

முழுத் தாளில் இரண்டு பக்கம் எழுதினேன். ஒழுங்காகப் பயன்படுத்தியும் பழுதானதாக அதில் சத்தியம் செய்யாத குறை. பம்பின் வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்து அனுப்பினேன். உள்ளே பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் புதுப் பம்பு வந்தது, வெள்ளைக்கார மேனேஜரின் கடிதத்தோடு. நான் உரக்கப் படித்து அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது பத்தியில் வாய் நின்றது. பழைய பம்பைச் சோதித்து அனுப்பிய ஆளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும், உள்ளே மஞ்சளாக ஏதோ மட்டமான கிரீஸ் இருந்ததாகவும், அது கிரீஸே அல்ல, சமையல் மஞ்சள் என்று அந்த ஆள் கொஞ்சமும் கூசாமல் சாதிப்பதாகவும் எழுதியிருந்தது.

"மூணாவதா என்னமோ நீட்டி எழுதியிருக்கறானே?" என்றார் கடைக்காரர்.

"மன்னிப்புக் கேக்கறாங்கண்ணா."

"யாரு, தொரையா? நம்மகிட்டயா? இன்னொருக்கா படிங்க!"

படித்தேன். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படிக்கச் சொன்னார். இல்லாத மன்னிப்பை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீட்டினேன். நாலாம் தடவை துரை கண்ணீர் விட்டார்.

சாயங்காலம் மாமா மகளிடம் நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மஞ்சளுன்னு கரெக்டா கண்டுபுடிச்சுட்டாரே, கெட்டிக்காரரு!" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவரு வூட்ல அடுப்பு எரியுதா மாமா?"

மறுநாள் காலை கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பம்புல மஞ்சத் தண்ணி... எத்தினி தூரம் போச்சு?"

"முப்பதடி இருக்குங்கண்ணா."

சிரிப்பில் அவர் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார். "தொர அழுதான்னு ஊரு பூராம் சொல்லிவெச்சிருக்கறனே, பாவி! நான் எப்பிடி வெளிய தலகாட்டறது?" என்று கத்தினார். பிறகு புதுப் பம்பை அவரே சாக்கில் வைத்துக் கட்டினார். "இதத் திருப்பி அனுப்புங்க. உள்ளத உள்ளபடி எழுதுங்க. அந்தாளு முதல்ல வேலைக்குத் திரும்பட்டும்."

இந்தத் தடவை அரைப் பக்கம்தான் எழுதினேன். அதை எழுத ஒரு பகல் ஆயிற்று.

அந்த ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதாக மேனேஜர் ஒற்றை வரி எழுதினார். பழைய பம்பு பழுது பார்த்து வந்தது. உள்ளே தமிழில் ஒரு துண்டுச் சீட்டு: "ஐயா, தண்ணீரில் ஊறிக் கெட்ட தோல் வாஷரை மாற்றியிருக்கிறேன். பதினொரு நாள் வீட்டில் இருந்தேன். மஞ்சள் என்று நான் சொன்னதை என் மனைவிகூட நம்பவில்லை. தங்கள் கடிதத்தை மேனேஜரிடம் கேட்டு வாங்கிப் போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன்."

அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மாம்பழக் காலம். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வைத்து, கம்பெனி விலாசத்துக்கே ஒரு கூடை அனுப்பினேன். மொரப்பூரில் பெரிய ரயிலுக்கு மாற்றும்போது எத்தனை நாள் கிடந்ததோ தெரியாது. அவரிடமிருந்து கார்டு வந்தது: "கூடை கிடைத்தது. மேலடுக்கு நன்றாக இருந்தது. கீழடுக்கு அழுகியிருந்தது. அனுப்புமுன் சோதித்தது யார்?"

கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது வேடிக்கையா, ஆறாத கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்து, வைக்கோல் வைத்து, இரண்டாவது கூடை அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.